பைத்தானா, 686-ஆ, ஜிபி100-ஆ: ஒன்றே ஒன்று என்றால் எது?

வாசகர் கேள்வி, 6 ஜனவரி 2024

கிரீன் கார்டு வந்தாச்சு, டல்லாஸ் பக்கம் வாசம். .357 மேக்னம் தோட்டா போடும், நாலு இஞ்சு பேரல் ரிவால்வர் ஒன்று வாங்கப் போகிறேன். ஒன்றுதான், வீட்டில் அதற்குமேல் அனுமதி இல்லை. "கோல்ட் பைத்தான்தான் ராஜா, மற்றதெல்லாம் அதற்குக் கீழேதான்" என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். வருஷக்கணக்காக வைத்துச் சுட்டவர்கள் சொல்லுங்கள், அந்த விலைக்குத் தகுமா?

7 ஜனவரி 2024

தகாது. ரூகர் ஜிபி100 வாங்குங்கள், மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்குங்கள். காரணத்தை வார இறுதியில் எழுதுகிறேன்.

13 ஜனவரி 2024

என் பெட்டியில் இருப்பவை: ஜிபி100, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686, 2020-க்குப் பிறகு வந்த புதுப் பைத்தான், பழைய மாடல் 19 ஒன்று, ஏதோ ஒரு ஊர் போலீஸ் கழித்துவிட்ட மாடல் 10 ஒன்று, பாக்கெட்டுக்கு ஒரு 642 (கடைசி மூன்றும் ஸ்மித்). ஃபீனிக்ஸுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. சுடுவது பெரும்பாலும் ஊருக்கு வடக்கே இருக்கும் பென் ஏவரி ரேஞ்சில். மாநில அரசின் வனவிலங்குத் துறை நடத்துவது, பாலைவனத்து நடுவில் நீளமாக ஒரு கூரை.

முதல் மூன்றையும் ஒரே மேஜையில் வைத்து, பின்னால் இருக்கும் சுத்தியலை, அதாவது ஹேமரை, கட்டைவிரலால் இழுத்து நிறுத்தி, பதினைந்து கெஜத்தில் நிதானமாகச் சுட்டால் காகிதத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. தெரிகிறது என்பவர் என்னைவிட நன்றாகச் சுடுபவர், இல்லாவிட்டால் பைத்தானுக்கு இப்போதுதான் காசு கொடுத்தவர்.

வித்தியாசம் டபுள் ஆக்‌ஷனில்தான். ஒரே இழுப்பில் ஹேமர் பின்னால் போக வேண்டும், சிலிண்டர் ஓர் அறை நகர வேண்டும், பூட்ட வேண்டும், ஹேமர் விழ வேண்டும். பத்துப் பன்னிரண்டு பவுண்டு இழுவை. அந்த முழு நீளத்திலும் முன்சைட் (பேரல் முனையில் குறி பார்க்கும் மேடு) அசையாமல் நிற்கிறதா என்பதுதான் ரிவால்வர் சுடுவது. மற்றதெல்லாம் பெருமை. கடையில் பார்க்கும்போது எல்லோரும் ஹேமரை இழுத்துவிட்டு ட்ரிக்கரைத் தொட்டுப் பார்த்து "ஆகா, கண்ணாடி" என்கிறார்கள். அது எந்த ரிவால்வரிலும் கண்ணாடிதான். கடைக்காரரைக் கேட்டு, ஹேமரைத் தொடாமல் மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால்: 686 ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே எடை, ஹேமர் விழும் இடம் முன்கூட்டித் தெரியாது. ஜிபி100 புதிதில் சற்று மணல் அரைக்கும், ஆனால் எடை சீராக இருக்கும். பழைய பைத்தான்களில் கடைசிக் கால் பாகத்தில் இழுவை ஏறும். அதை வைத்து இழுப்பை நடுவில் நிறுத்தி, குறி பார்த்து விடுகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு அது வரம். எனக்குப் பிடிக்காது. புதுப் பைத்தானில் அந்த ஏற்றத்தைக் குறைத்திருக்கிறார்கள், இழுவையும் லேசு.

14 ஜனவரி 2024

சிலிண்டரைத் திறக்கும் லாச்சைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. ஸ்மித்தில் முன்னால் தள்ள வேண்டும். கோல்டில் பின்னால் இழுக்க வேண்டும். ரூகரில் உள்ளே அமுக்க வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் கொண்டுபோனால் கட்டைவிரலுக்குப் பைத்தியம் பிடிக்கும். சுற்றும் திசைகூட ஒன்றில்லை. பின்னாலிருந்து பார்த்தால் கோல்ட் வலம் சுற்றும், ஸ்மித்தும் ரூகரும் இடம். வலம் வருவதால்தான் பைத்தான் கோயில் ஆகிவிட்டது என்று ஒரு நண்பர் சொல்வார்.

20 ஜனவரி 2024

"ஜிபி100 அசிங்கம்" என்று ஒருவர். அம்மிக்கல் மாதிரி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் ஃபிரேமில் பக்கத் தகடு கிடையாது, ஒரே வார்ப்பு. ட்ரிக்கர் தொகுதி மொத்தமும் கீழ்வழியாகக் கழன்று கையில் வந்துவிடும். ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்னக் கம்பி போதும். சிலிண்டர் பின்னால் மட்டுமில்லாமல் முன்னால் கிரேனிலும் (சிலிண்டரைத் தாங்கி வெளியே மடியும் கை) பூட்டிக்கொள்கிறது. 1985-லிருந்து அடிப்படை மாறவே இல்லை. அழகு பார்க்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய செக்யூரிட்டி சிக்ஸைப் பாருங்கள். ஒடிசலாக, கையில் பிடித்தாலே பிடித்துவிடும். 1988-ல் நிறுத்திவிட்டார்கள், பழையதுதான் தேட வேண்டும்.

11 பிப்ரவரி 2024

மாடல் 19 பற்றிக் கேட்டவருக்கு.

பெட்டியில் எது அழகு என்றால் பைத்தான். எது கையில் பொருந்துகிறது என்றால் மாடல் 19, யோசிக்கவே வேண்டாம். 1955-ல் அமெரிக்க எல்லைக் காவல் படையின் பில் ஜோர்டன் கேட்ட வரத்தின்படி வந்தது. அதுவரை ஸ்மித்தில் .357 என்றால் பெரிய N ஃபிரேம் (ஃபிரேம் அளவுகளுக்கு ஸ்மித் எழுத்துகளில்தான் பெயர் வைக்கும்), நாள் முழுக்க இடுப்பில் தொங்கினால் இடுப்பு போய்விடும். அழுத்தம் குறைந்த .38 தோட்டாவுக்கென்று இருந்த சின்ன K ஃபிரேமிலேயே மேக்னத்தை அடைத்துக் கொடுத்தார்கள்.

அடைத்ததில் ஒரு விலை இருக்கிறது. பேரலின் பின்முனை, குண்டு சிலிண்டரிலிருந்து தாவி நுழைகிற வாய், அதை ஃபோர்சிங் கோன் என்பார்கள். K ஃபிரேமில் கிரேனுக்கு இடம் விடுவதற்காக அந்த வாயின் அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். சிலிண்டரைத் திறந்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், ஆறு மணி முள் இருக்கும் இடத்தில் உலோகம் மெலிந்திருப்பது தெரியும். விரிசல் விட்டால் அங்கேதான் விடும். ஜோர்டன் காலத்து வழக்கம் .38-ல் பயிற்சி, மேக்னம் பணிக்கு மட்டும். பிறகு போலீஸ் துறைகள் பயிற்சிக்கும் மேக்னம் என்றார்கள், அதிலும் 125 கிரெயின் (குண்டின் எடை அளவு) இலகு குண்டு. வேகம் அதிகம், நெருப்பும் அதிகம், மெலிந்த இடம் தாங்கவில்லை. அதன் பதில்தான் 1980-களின் தொடக்கத்தில் வந்த L ஃபிரேம், 586-ம் 686-ம். கைப்பிடி K அளவு, முன்பக்கம் பெரிது, கோன் முழு வட்டம்.

என்னுடையதில் .38 மட்டும்தான் போகிறது. எப்போதாவது 158 கிரெயின் மேக்னம் ஒரு கை. விரிசல் இல்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆக 686 என்பது மாடல் 19-க்குச் செய்த வைத்தியம். வைத்தியத்தில் கொஞ்சம் சதை போட்டுவிட்டது.

2 மார்ச் 2024

விசா கேள்வி மூன்று பேரிடமிருந்து தனிமடலில். பொதுவிலேயே போடுகிறேன். எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதும் வைத்திருப்பதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். முக்கிய விதிவிலக்கு, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். "ரேஞ்சில் வாடகைக்குத்தானே" என்று நினைக்காதீர்கள், கையில் பிடிப்பதும் வைத்திருப்பதுதான். கிரீன் கார்டு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. வேட்டை உரிமத்தின் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு ஆகும் செலவையும் குடியேற்ற வழக்கறிஞருக்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

7 ஏப்ரல் 2024

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: ".357-ல் .38-ம் போடலாம் என்கிறீர்கள், அப்படியானால் .38-ஏ போட்டுக்கொண்டிருந்தால் கெடுமா?"

கெடாது, அழுக்காகும். இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே. .38-இன் கூடு மட்டும் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் குட்டை. அறைக்குள் அந்தக் கூடு முடியும் இடத்துக்கு முன்னால் கரியும் ஈயமும் ஒரு வளையமாகப் படியும். நாள்பட்டால் மேக்னத்தைப் போடும்போது தோட்டா பாதியில் நிற்கும், நகத்தால் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும். அப்படித் தள்ளிச் சுடாதீர்கள். கூட்டின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும், சுட்ட கூட்டை வெளியே எடுக்கவும் மல்லுக்கட்ட வேண்டும். வழக்கமான பித்தளைப் பிரஷ் இதற்குப் போதாது, ஓர் அளவு பெரிய பிரஷ் வேண்டும். இன்னொரு வழி: காலி .357 கூடு ஒன்றின் வாயைக் கொஞ்சம் விரித்துக்கொண்டு அறைக்குள் அமுக்கித் திருகினால் வளையத்தைச் சுரண்டிக்கொண்டு வரும். என் கருவிப்பெட்டியில் அப்படி ஒன்று நிரந்தரமாக இருக்கிறது.

அழுக்கு என்றதும் இன்னொன்று. ஆட்டோமேட்டிக் ஜாம் ஆகும், ரிவால்வர் ஆகாது என்பது பாதி உண்மை. காலிக் கூடுகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் எரியாத பவுடர் நாலு மணி போய் உட்கார்ந்தால் போதும். நட்சத்திரம் ஒரு மயிரிழை தூக்கி நிற்கும், சிலிண்டர் பின் ஃபிரேமில் உரசும், ட்ரிக்கர் கல்லாகிவிடும். ரேஞ்சில் "என் துப்பாக்கி உடைந்துவிட்டது" என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான். காலிக் கூடுகளைத் தள்ளும்போது பேரல் வானத்தைப் பார்க்க வேண்டும், ஒரே அடியில் தள்ள வேண்டும், தூள் கூடுகளோடு கீழே விழும். கீழே சாய்த்துத் தள்ளினால் தூள் நட்சத்திரத்துக்கு அடியில்தான் போகும். பையில் பழைய டூத்பிரஷ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

8 ஏப்ரல் 2024

டூத்பிரஷ் துப்பாக்கிக்கு. கேட்டவருக்குப் பதில்.

22 ஜூன் 2024

110 டிகிரி ஃபாரன்ஹீட். நிழல் தாண்டி மேஜையில் வைத்த ஸ்டெயின்லெஸ் 686-ஐ வெறுங்கையால் எடுக்க முடியவில்லை. இந்த மாதங்களில் வீட்டில் டிரை ஃபயர்தான், தோட்டா இல்லாமல் இழுத்துப் பழகுவது. தோட்டா எல்லாம் வேறு அறையில், சுவரில் ஒரு புள்ளி, மெதுவாக இழுத்து முன்சைட்டைப் பார்ப்பது. ரூகரின் கையேடே வெறுமனே சுடலாம் என்கிறது. ஹேமரிலேயே ஊசி இருக்கும் பழைய ஸ்மித்தில் ஸ்னாப் கேப் என்ற போலித் தோட்டா போட்டுக்கொள்வது என் பழக்கம்.

ஜிபி100-இன் மணல் அரைப்பு இப்படித்தான் போயிற்று. ஸ்பிரிங்கை லேசானதாக மாற்றச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். மாற்றலாம். ஆனால் மெயின் ஸ்பிரிங் ரொம்ப லேசானால் சில பிரைமர்கள் (கூட்டின் அடியில் பற்றவைக்கும் மூடி) வெடிக்காது. வீட்டுக் காவலுக்கும் அதே துப்பாக்கி என்றால் தொடாதீர்கள்.

டபுள் ஆக்‌ஷனில் வேகமாகச் சுட முடியாது என்று எழுதியிருந்தவர் எட் மெக்கிவர்ன் பெயரைத் தேடிப் பார்க்கலாம். 1932-ல் ஐந்து குண்டு, 0.45 வினாடி. 1999-ல் ஜெர்ரி மிகுலக் ஆறு சுட்டு, மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு: 2.99 வினாடி. இரண்டும் ஸ்மித் டபுள் ஆக்‌ஷன். நான் அந்த நேரத்தில் காது மூடியைச் சரிசெய்துகொண்டிருப்பேன்.

14 ஜூலை 2024

ஊர் நினைவு கிளப்பிவிட்டார் ஒருவர், கான்பூர் .32 பற்றிக் கேட்டு.

போடியில் என் பெரியப்பாவிடம் ஒரு .32 இருந்தது, ஏலத் தோட்டத்துக்காக லைசென்ஸ் எடுத்தது. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் செய்தது, பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரை அப்படியே பின்பற்றியது. நடுவில் மடித்துத் திறப்பது, திறக்கும்போதே நட்சத்திரம் எழுந்து ஆறு கூடுகளையும் வெளியே தள்ளும். அந்தத் தள்ளலைப் பார்க்கவே நாங்கள் பிள்ளைகள் திண்ணையில் காத்திருப்போம். சுட்டு நான் பார்த்ததே இல்லை. வருஷா வருஷம் எண்ணெய் போடுவார், தேர்தல் அறிவித்தால் ஜீப்பில் ஏறிப் போய் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிந்ததும் ரசீதைக் காட்டி வாங்கி வருவார். அதன் வாழ்நாளில் அதிகம் பயணம் போனது ஸ்டேஷனுக்குத்தான்.

இந்தியாவில் .38, .455, 9எம்எம் எல்லாம் தடைசெய்யப்பட்ட ரகம். .32 அதில் சேராததால்தான் அங்கே ரிவால்வர் என்றாலே .32. 2014-ல் பெண்களுக்கென்று கான்பூரிலிருந்து "நிர்பீக்" என்ற இலகு ரகம் வந்தது, அதுவும் .32. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது, முன்பு மூன்று. நான் இங்கே ஆறை வைத்துக்கொண்டு எது நல்லது என்று கதை அளக்கிறேன். பெரியப்பா இருந்திருந்தால் ஒரு கேள்விதான் கேட்டிருப்பார்: "எதுக்குடா ஆறு?"

15 செப்டம்பர் 2024

ஜனவரியில் "தகாது" என்று ஒரே சொல்லில் முடித்ததற்கு ஒரு வால் சேர்க்கிறேன்.

கோடை முழுக்க டிரை ஃபயரில் கைக்கு வந்தது பைத்தான்தான். இழுவை லேசாக இருப்பதால் இரவு உட்கார்ந்தால் விரல் வலிக்கும் முன் இரண்டு மடங்கு நேரம் பழக முடிகிறது. அதன் பலன் மற்ற ரிவால்வர்களிலும் தெரிகிறது. அந்தக் கணக்கில் பைத்தானுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைப் பள்ளிக் கட்டணத்தில் எழுதலாம். மனைவியிடம் அப்படித்தான் எழுதினேன், ஏற்கப்படவில்லை.

ஆனால் பழைய பைத்தானைப் பற்றி நான் சொன்னது மாறவில்லை. 1955 முதல் 2005 வரை வந்தவற்றின் ஆழ்நீல மெருகு இன்றைக்கு வராது. உள்ளே V வடிவ ஸ்பிரிங். ட்ரிக்கரைப் பிடித்திருக்கும்வரை சிலிண்டரைத் தள்ளும் நெம்பு விலகாமல் அழுத்திக்கொண்டே இருப்பதால் சுடும் கணத்தில் சிலிண்டர் அசையவே அசையாது. இரும்புப் பெட்டகம் என்பார்கள். அந்த இறுக்கத்துக்கு நெம்பு தேய்ந்துதான் விலை கொடுக்கிறது. டைமிங் (சிலிண்டர் அறை பேரலுக்கு நேராக வந்து பூட்டும் கணக்கு) தவறினால் சரிசெய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. சுடுவதற்கென்று பழையதை வாங்காதீர்கள், பூட்டி வைப்பதற்கு என்றால் உங்கள் இஷ்டம். புதியது பெயரிலும் தோற்றத்திலும்தான் பைத்தான், உள்ளே எளிமையாக்கப்பட்ட வேறு அமைப்பு. அதுதான் அதன் நல்ல குணம்.

29 செப்டம்பர் 2024

642-ஐப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் இல்லை என்கிறார்கள். பதினைந்து அவுன்ஸுக்கும் குறைவு, ஐந்து குண்டு. தூக்கிக்கொண்டு திரிவதற்கு அதைவிட நல்லது இல்லை, சுடுவதற்கு அதைவிட மோசமும் இல்லை. புதியவருக்கு முதல் துப்பாக்கியாக இதை விற்கும் கடைக்காரர் அவருக்கு நண்பர் இல்லை. அவ்வளவுதான்.

12 அக்டோபர் 2024

பழைய ரிவால்வர் வாங்கப் போகிறவர் கடையிலேயே செய்ய வேண்டியது, மூன்று பேர் கேட்டதால்.

முதலில் காலி என்று ஆறு அறையையும் கண்ணால் பாருங்கள், கடைக்காரர் பார்த்திருந்தாலும். பிறகு சிலிண்டரின்மேல் இன்னொரு கையின் விரலை லேசாக வைத்து உரசல் கொடுத்துக்கொண்டு, ஹேமரை மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் முழுதாக நிற்பதற்குள் "டிக்" என்று சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் பூட்டாமல் இருந்தால் அந்த அறைக்கு டைமிங் தளர்ந்துவிட்டது. ஆறு அறைக்கும் செய்யுங்கள், ஒன்று மட்டும் தவறுவது உண்டு. அடுத்து சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரிய ஆடினால் வேண்டாம். பிறகு நான் பிப்ரவரியில் சொன்ன கோன், டார்ச் அடித்து.

எந்தத் திருகாணியின் தலையாவது மழுங்கியிருந்தால் யாரோ சமையலறை ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். விலையைக் குறையுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள்.

என் மாடல் 10 வெளியே பார்த்தால் ஹோல்ஸ்டரில் உரசி மெருகு பாதி போனது. உள்ளே புதுசு. போலீஸ் ரிவால்வர்கள் பெரும்பாலும் அப்படித்தான், சுமந்தது அதிகம், சுட்டது குறைவு. 60 லட்சத்துக்கும் மேல் செய்த .38 ரகம், வரிசை 1899-ல் ஆரம்பித்தது. சைட் என்பது ஃபிரேமின் தலையில் வெட்டிய ஒரு பள்ளம், அவ்வளவுதான். 148 கிரெயின் வாட்கட்டர் (தட்டை முனை) குண்டு போட்டால் காகிதத்தில் அலுவலகப் பஞ்ச் குத்தியதுபோல வட்டமாகத் துளை விழும். ரேஞ்சுக்குப் போகும்போது பையில் கடைசியாக வைப்பது இது, முதலில் எடுப்பதும் இது. என்னோடு வருகிற மனைவி இதைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார், அவர் இலக்கையும் என் இலக்கையும் பக்கத்தில் மாட்டுவதை நான் நிறுத்திவிட்டேன்.

மேக்னம் வேண்டுமா என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் இந்த இழையில் இதுவரை நடந்த சண்டை முழுதும் உங்களுக்குத் தேவையில்லை.

24 நவம்பர் 2024

கேள்வி கேட்டவர் கடைசியில் பழைய 686 வாங்கியிருக்கிறார். ஜிபி100-ம் இல்லை, பைத்தானும் இல்லை. நல்லது, எடுத்த உடனே செய்ய வேண்டியது:

சிலிண்டரைத் திறந்தால் கிரேன் உட்காரும் இடத்தில் மாடல் எண் இருக்கும். வெறும் 686 அல்லது 686-1 என்றிருந்தால் பக்கத்தில் M என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். 1987-ல் நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்தவற்றில் அந்த எழுத்தைப் பொறித்தார்கள். சில தோட்டாக்களில் பிரைமர் பின்னால் பிதுங்கி சிலிண்டர் சிக்கிக்கொள்வதற்காக வந்த திருத்தம். எழுத்து இல்லையென்றால் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

இடப்பக்கம் லாச்சுக்கு மேலே சின்னச் சாவித் துளை இருந்தால் அது 2001 வாக்கில் வந்த உள்பூட்டு. அதற்காகச் சண்டை போடுகிறவர்கள் தனி மதம், கண்டுகொள்ளாதீர்கள். என்னுடையதிலும் இருக்கிறது, சாவி எங்கே என்று தெரியாது.

பக்கத் தகட்டைத் திறந்து பார்க்கும் ஆசை வரும். வந்தால், சரியான அளவு ஸ்க்ரூடிரைவர், திருகாணிகள் எது எங்கிருந்து வந்தது என்று காகிதத்தில் வரிசையாக. தகட்டை நெம்பாதீர்கள். கைப்பிடியைக் கழற்றிவிட்டு ஃபிரேமின் பின்பக்கத்தை மரக் கைப்பிடியால் தட்டினால் தகடு தானே எழும். தட்டுவதற்கு முன் கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.